பச்சைக் கற்பூரம் என்ன நிறம்?

பச்சைக் கற்பூரம் பச்சை நிறத்தில் இருக்கும் என்று போன வெள்ளிக்கிழமை வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். பச்சை மிளகாய் பச்சை. பச்சைப் பட்டாணி பச்சை. பச்சைப் பயறு பச்சை. இத்தனை பேர் சொன்ன பேச்சைக் காப்பாற்றும்போது கற்பூரம் மட்டும் காலை வாரிவிடும் என்று யார் கண்டது? பச்சரிசி வெள்ளையாகத்தானே இருக்கிறது, பச்சைத் தண்ணீருக்கு நிறமே இல்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்.

எனக்கு ஐம்பது தாண்டியாயிற்று. பெருமாள் கோயில் தீர்த்தத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டு, 'ஆஹா, என்ன பச்சைக் கற்பூர வாசனை' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அது தண்ணீரில் கரைந்த பிறகுதான் எங்களுக்குள் பழக்கம். முகம் பார்த்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

மந்தைவெளியில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். சின்னவர். ஆனால் பசி பெரிது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு வீட்டார் முறை வைத்து அவருக்கு நைவேத்தியம் செய்ய வேண்டும். போன வெள்ளி எங்கள் முறை. அன்று பார்த்து என் மனைவி சுதாவுக்கு ஆபீசில் ஆடிட். மதியத்துக்கு முன் வர முடியாது.

"சர்க்கரைப் பொங்கல்தானே? நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

தம்பட்டம் இல்லை, பொங்கல் எனக்கு வரும். ஒரே ஒரு குறை... எனக்குச் சர்க்கரை வியாதி. செய்ததை நாக்கில் வைத்துப் பார்க்கிற உரிமையை டாக்டர் பறித்துவிட்டார். ருசி பார்க்காமல் சமைத்து, பிறர் முகத்தைப் பார்த்துத்தான் உப்பு, இனிப்பு தெரிந்துகொள்கிறேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவும்.

சுதா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "பச்சைக் கற்பூரம் தீர்ந்துபோச்சு, அண்ணாச்சி கடையில ஒரு டப்பி வாங்கிக்குங்க. ஒரு சிட்டிகைதான் போடணும். அப்படியே வாஷ்பேசினுக்குப் பாச்சை உருண்டை, தரைக்கு பினாயில்."

பாச்சை உருண்டை தெரியும்தானே? பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைப்போமே, அந்துருண்டை... அதேதான். பாச்சை என்றால் பூச்சி. பச்சைக்கும் பாச்சைக்கும் நடுவில் ஒரே ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். ஒன்று சாமிக்கு. இன்னொன்று சாக்கடைக்கு. தமிழ் எவ்வளவு ஆபத்தான மொழி பாருங்கள்.

போனேன்.

அண்ணாச்சி கடையில் வீட்டைச் சுத்தம் செய்கிற சாமான்கள் ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருக்கும். அந்தப் பக்கம் போனாலே எனக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிடும். தரைக்கு ஒன்று. டைல்ஸுக்கு ஒன்று. கண்ணாடிக்கு ஒன்று. குழாயில் படிகிற உப்புக் கறைக்குத் தனியாக ஒன்று. நான் தலைக்கும் உடம்புக்கும் ஒரே சோப்பைப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டுகிறேன். எங்கள் வீட்டுக் குழாய்க்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

நிறமாவது சும்மா இருக்கிறதா? ரோஸ் மில்க் நிறத்தில் ஒரு பினாயில். நன்னாரி சர்பத் நிறத்தில் இன்னொன்று. எலுமிச்சை, மல்லிகை, ஆரஞ்சு என்று வாசனை வேறு. நம் வீட்டில் குடிக்கிற கஷாயம் எல்லாம் கழுவுகிற தண்ணீர் மாதிரி இருக்கிறது. கழுவுகிற தண்ணீர் எல்லாம் டம்ளரில் ஊற்றிக் கொடு என்கிறது. இதில் மனுஷன் குழம்பாமல் என்ன செய்வான்?

"என்ன சார், வீட்ல அம்மா வரலியா?" என்றார் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"இன்னைக்குப் பொங்கல் வைக்கிறதே நான்தான் அண்ணாச்சி."

"அப்பம் வெளங்கிரும்" என்றார். வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

சொன்ன மூன்றையும் எடுத்து என் துணிப்பையில் ஒன்றாகப் போட்டார். வீட்டுக்கு வந்து சமையல் மேடையில் கவிழ்த்தேன். பினாயில் பாட்டில் - அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே கோலிக்குண்டு மாதிரி, பளபளவென்று, பச்சைப் பசேலென்று உருண்டைகள். அப்புறம் ஒரு குட்டி டப்பி. உள்ளே வெள்ளையாக, உதிரி உதிரியாக ஏதோ. கவரிலும் எழுத்து இல்லை, டப்பியிலும் எழுத்து இல்லை.

என் மூளை ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. பச்சையாக இருப்பது பச்சைக் கற்பூரம். அப்படியானால் வெள்ளையாக இருப்பது பாச்சை உருண்டை. பீரோவில் இருப்பதும் வெள்ளைதானே? ஆனால் உருண்டையாக இல்லையே... ஆ, உடைசல்! உடைந்துபோன சரக்கை டப்பியில் அடைத்து அண்ணாச்சி என் தலையில் கட்டிவிட்டார். போகட்டும், வாஷ்பேசினுக்கு உருண்டையாக இருந்தால் என்ன, தூளாக இருந்தால் என்ன என்று பெரிய மனசு பண்ணி அவரை மன்னித்தேன்.

மன்னித்த கையோடு அந்த வெள்ளைத் தூளை வாஷ்பேசினில் பாதியும், பாத்ரூம் தண்ணீர் போகிற ஜல்லடையில் மீதியுமாகத் தூவினேன். திரும்பி வந்து பச்சை உருண்டை ஒன்றை ஏலக்காய் தட்டுகிற சின்ன இடிகல்லில் போட்டு, நங், நங், நங். அடடா, என்ன நிறம்! ஒரு சின்ன உருண்டைக்குள் எத்தனை வாசனை! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பக்தி என்று நினைத்தேன்.

ஒரு பக்கம் குக்கர். ஒரு பக்கம் வெல்லப்பாகு. ஒரு பக்கம் நெய். கை எட்டு, கால் பதினாறு வைத்து, எப்படியோ பொங்கல் இறங்கியது. பிள்ளையாருக்கு இலை போட்டு நைவேத்தியம் ஆயிற்று. வாசலில் இருக்கும் செக்யூரிட்டி மாணிக்கத்துக்கு ஒரு தொன்னை. இன்னொரு டப்பா நிறைய செல்விக்கு.

செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பல வருஷமாக வேலை பார்க்கிறவர். பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வீடு. அவர் மகள் திவ்யாவுக்குக் குழந்தை பிறந்து இன்னும் ஒரு மாசம் ஆகவில்லை. அன்று பாத்திரம் தேய்த்து முடித்த பிறகும் செல்வி கிளம்பாமல் நின்றது அந்தப் பெண்ணுக்காகத்தான். "நாலு நாளா சக்கரப் பொங்கல், சக்கரப் பொங்கல்னு கேட்டுக்கினே கீது சார். எங்கூட்டுல எங்க நேரம்? ஒரு வாய் குடு, எட்த்துனு போறேன்."

ஒரு வாயா? டப்பா மூடி நிற்காத அளவுக்கு அமுக்கி அமுக்கி வைத்துக் கொடுத்தேன். பச்சை உடம்புக்காரி, நன்றாகச் சாப்பிடட்டும் என்று என் வாயாலேயே சொன்னேன். நெய் வழிந்த டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு செல்வி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். தர்மப் பிரபு மாதிரி ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு, கை கழுவ பாத்ரூம் கதவைத் திறந்தேன்.

பெருமாள் கோயில்.

சத்தியமாகச் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் யாராவது வந்து சடாரி வைப்பார்களோ என்று தலை தானாகக் குனிந்தது. எங்கள் பாத்ரூமில் அப்படி ஒரு வாசனை வருவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஜல்லடையைப் பார்த்தேன். நான் தூவிய வெள்ளைத் தூள். குனிந்து முகர்ந்தேன்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். தெரிந்தது. ஆனால் கழுதை அதற்குள் பொங்கலை ஊருக்கே விநியோகம் செய்து முடித்திருந்தது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். குரல் நடுங்கக் கூடாது என்று வயிற்றை எக்கிக்கொண்டு பேசினேன்.

"அண்ணாச்சி, அந்தப் பச்சை உருண்டை..."

"வாஷ்பேசின்ல போடுததுல்லா சார். பாச்சை உருண்டைதான். கலர் போட்டு வருது இப்பம்."

"அப்ப அந்த டப்பியில வெள்ளையா இருந்தது?"

"அதான் பச்சைக் கற்பூரம். நல்ல சரக்கு. ஏன் சார், வாசம் இல்லியா?"

"இருக்கு அண்ணாச்சி. ரொம்பவே இருக்கு."

வைத்துவிட்டேன்.

யார் யார் சாப்பிட்டார்கள்? பிள்ளையார் முதலில். பூச்சி, எலியை எல்லாம் விரட்டுகிற சரக்கை, மூஞ்சூறை வாகனமாக வைத்திருப்பவருக்கே படைத்திருக்கிறேன். அவர் கல். தாங்குவார். அடுத்து மாணிக்கம். அடுத்து...

போனை எடுத்து, பாச்சை உருண்டை வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது. ஒரு சாதாரணத் தலைவலியைத் தேடினாலே உயில் எழுதச் சொல்லுகிற சாதனம் அது. படிக்கப் படிக்க எழுத்துகள் மங்கின. ஒரு வரி மட்டும் மங்கவில்லை. கைக்குழந்தைகளுக்கு இது ஆகவே ஆகாது என்றது. குழந்தை பொங்கல் சாப்பிடாது. ஆனால் அதன் அம்மா சாப்பிடுவாளே? அம்மா சாப்பிடுவதைத்தானே அது குடிக்கிறது?

செல்விக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி. எடுக்கவில்லை.

சுதாவைக் கூப்பிட்டிருக்க வேண்டாமா என்கிறீர்களா? வேண்டும்தான். ஆனால் என்னவென்று ஆரம்பிப்பது? 'சுதா, பொங்கல் நன்றாக வந்தது, ஆனால்...' என்றா? அதற்கு ஒரு தைரியம் வேண்டும். அது என்னிடம் ஸ்டாக் இல்லை.

மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். வாசலில் மாணிக்கம் நாற்காலியில் தலை தொங்கிக் கிடந்தார். காலடியில் காலித் தொன்னை. தோளைப் பிடித்து உலுக்கினேன். மனிதர் கண்ணைத் திறந்து சல்யூட் அடிக்கப் பார்த்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தது, அவர் தினமும் இந்த நேரத்தில் இப்படித்தான் தூங்குவார்.

"மாணிக்கம், வாந்தி வருதா?"

"இல்லியே சார்."

"தலை சுத்துதா?"

"நீங்க உலுக்குனதுலதான் சார் சுத்துது."

பொங்கல் எப்படி இருந்தது என்று கேட்டேன். நன்றாக இருந்ததாம். இன்னொரு தொன்னை கிடைக்குமா என்றார். எனக்கு நிம்மதி வர வேண்டுமா இல்லையா? வரவில்லை. இந்த விஷத்தின் முதல் அறிகுறியே பசியாக இருந்தால்? இனி எதையும் தொடாதே, வயிற்றில் லேசாக ஏதாவது தோன்றினாலும் உடனே எனக்குப் போன் செய் என்று சொல்லிவிட்டு, பிள்ளையார் இலையில் மிச்சமிருந்ததையும் வாரிக் குப்பையில் போட்டேன். சாமி சாப்பாட்டை நடுவில் பிடுங்கியவன் என்று மேல் வீட்டுக்காரர்கள் என்னைப் பற்றி இப்போது பேசிக்கொள்வதாகக் கேள்வி.

ஆட்டோ பிடித்தேன். மந்தைவெளியிலிருந்து பட்டினப்பாக்கம் ஒன்றும் தொலைவு இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த ரோடு எங்கேயோ ராமேஸ்வரம் வரைக்கும் போனது.

"சீக்கிரம் போங்க. விஷம்" என்றேன்.

"யாரு சார் குட்ச்சது?" என்றார் டிரைவர்.

"குடிக்கலை. சாப்பிட்டாங்க. நான்தான் கொடுத்தேன்."

கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். அதற்குப் பிறகு பேசவே இல்லை. இறங்கும்போது மீட்டருக்கு மேலே எதுவும் கேட்கவும் இல்லை. சென்னையில் ஒரு ஆட்டோக்காரரை அப்படி ஆக்க என்ன முகம் வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காத்திருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும் என்றேன். பேசாமல் தலையாட்டினார்.

குடியிருப்புக்குள் நுழைந்தால் செல்வி வீட்டுப் பக்கம் ஒரே கூட்டம். பெண்கள். சத்தம். யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கத்துகிறார்கள். முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்போது கூட்டம் கொஞ்சம் விலகியது. நடுவில் தண்ணீர் லாரி.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்வி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இன்னா சார், இம்மா தூரம்? கொயந்தைய பாக்க வந்தியா?"

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. வழியெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். ஆனால் சுற்றிலும் அத்தனை பெண்கள், அத்தனை குடங்கள், அத்தனை கண்கள். வாயைத் திறந்தால் வேறு வாக்கியம் வந்தது.

"அந்த டப்பா... திருப்பி வேணும் செல்வி."

"டப்பாவா? கய்வி நாளைக்கு எட்த்தாறேன் சார். அதுக்கா வந்தே?"

"டப்பா இல்லை. பொங்கல். வேற ஒருத்தருக்குத் தர வேண்டியது, மாத்திக் கொடுத்துட்டேன்."

செல்வியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. வரிசையில் இருந்த ஒரு அம்மா பக்கத்துக் குடத்திடம் சொல்வது போலச் சொன்னார்: "சாமிக்குப் பட்ச்சத பச்ச புள்ளக்காரிகிட்ட குட்த்துட்டு திருப்பிக் கேக்குறாரு பாரு, பெரிய மன்சன்."

செல்வி குடத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"புள்ள ஆசையா துன்னுக்கினு கீது சார்."

அந்த ஒரு வரியில் என் பொய் பொடிப்பொடியாகிவிட்டது. சொன்னேன். கற்பூரம் என்று நினைத்துப் பாச்சை உருண்டையைப் பொங்கலில் போட்டுவிட்டேன், வாஷ்பேசினில் போடுகிற உருண்டை, ஆட்டோ நிற்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் - மூச்சு விடாமல் கொட்டினேன்.

"இன்னா சொல்றே நீ?"

இத்தனை வருஷத்தில் 'சார்' இல்லாமல் செல்வி என்னிடம் பேசியது அன்றுதான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வீட்டுக்குள் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். குடங்களும் ஓடி வந்தன.

சின்ன அறை. குழந்தை துணி விரிப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைமாட்டில் சத்தமே போடாமல் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது செல்வியின் போன் - நான் அடித்த அத்தனை அழைப்பும் அதில் ஊமையாகக் கிடந்தன. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் திவ்யா. மடியில் டப்பா. பாதி காலி.

செல்வி டப்பாவைப் பிடுங்கினார். "துப்புடி."

"எத்த?"

"துப்புன்றேன். கற்பூரம்னு சொல்லி பாச்ச உருண்டைய போட்டுக்கீது சாரு."

திவ்யா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஆட்டோ இருக்கிறது, கிளம்பும்மா என்று சொன்னேனா, அல்லது சொல்ல நினைத்தேனா, எனக்கே தெரியவில்லை. செல்வி அதற்குள் குழந்தையை வாரித் தோளில் போட்டுவிட்டார். அது அழ ஆரம்பித்தது. உலகத்தில் அதைவிட மெலிந்த ஒரு குரலை நான் கேட்டதில்லை. இது என் கையால் நடந்தது என்று என்னையே சொல்ல வைத்த குரல்.

"இரும்மா" என்றாள் திவ்யா. நிதானமாக. "இதுல கற்பூரமும் இல்ல, உருண்டையும் இல்ல. நானே கேக்கணும்னு இருந்தேன். சுதாம்மா செஞ்சா டப்பா தொறக்க சொல்லவே மணக்கும். இது இன்னா, சப்புனு கீதுன்னு."

நான் நம்பவில்லை. டப்பாவை வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். குப்பென்று அடித்தது அந்த நெடி. "பாரு, வாசனை வருது!" என்றேன். ஏதோ கட்சி ஜெயித்த மாதிரி.

செல்வி டப்பாவை என் கையிலிருந்து வாங்கி முகர்ந்தார். நெய் வாசனைதான் வருகிறது என்றார். என்னிடம் கொடுத்தார். எனக்கு நெடி அடித்தது. அவரிடம் கொடுத்தேன். அவருக்கு நெய். டப்பா இரண்டு மூன்று தடவை போய் வந்தது.

"அது உன் கையி சார்" என்றாள் திவ்யா.

விரல்களை முகர்ந்தேன். கை கழுவத்தானே பாத்ரூமுக்குப் போனேன்? கழுவவே இல்லை.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. சுதா. ஆபீசிலிருந்து திரும்பியிருக்கிறாள். அவசரத்தில் எதையோ அமுக்க, ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. செல்வி, திவ்யா, வாசலில் நின்ற குடங்கள் எல்லோருக்கும் என் மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏங்க, எங்க போய்த் தொலைஞ்சீங்க? பாத்ரூம்ல ஏன் கோயில் வாசனை வருது? இடிகல்லுல பச்சையா என்னத்தைப் பொடிச்சு வெச்சிருக்கீங்க?"

"எவ்வளவு இருக்கு?" என்றேன்.

"எவ்வளவுன்னா?"

"சுதா, தயவுசெய்து பாரு. கை வெச்சு எடுத்த மாதிரி இருக்கா?"

மேடையில் இடிகல்லை இழுக்கும் சத்தம் கேட்டது.

"குழவி அதுக்குள்ள குத்திக்கிட்டு நிக்குது. யாரும் தொட்ட மாதிரி தெரியலை. என்ன இது? பாச்சை உருண்டை நெடி அடிக்குது?"

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். குழந்தை அழுகையை நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். நான் போனில் சுதாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னிடம் சொன்னவை பத்திரிகையில் வரத் தக்கவை அல்ல. பிறகு போனைச் செல்வியிடம் கொடுக்கச் சொன்னாள். எதற்கும் அந்தப் பொங்கலைக் கொட்டிவிடு, சாயங்காலம் நானே செய்து எடுத்து வருகிறேன், திவ்யாவுக்கு ஒரு துளி ஏதாவது என்றாலும் உடனே கூப்பிடு என்றாள்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது செல்வி கேட்டார்.

"தப்பு ஆய்டுச்சுன்னா ஆய்டுச்சு. மொதல்ல ஏன் சார் டப்பாவ கேட்டே? வந்தவொன்ன உருண்டன்னு சொல்லிர்ந்தா நான் அப்பவே ஓடியிருப்பேன் இல்ல?"

பத்து ஊர்க் குடங்களுக்கு முன்னால் முட்டாள் என்று பெயர் வாங்கக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்தது எவ்வளவு நேரம்? இரண்டு வாக்கியம். அதற்குள் அந்தப் பெண் இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள்.

நம் எல்லோர் வீட்டிலும் சமையலறையும் பாத்ரூமும் ஒரே பையில்தான் வருகின்றன. ஒரே மேடையில்தான் கொட்டுகிறோம். அதை மாற்றிவிடலாம். இப்போது எங்கள் வீட்டில் கழுவுகிற சாமானுக்குத் தனிப் பை, தனி அலமாரி, கொட்டை எழுத்தில் பெயர். அந்த இடிகல்லையும் தூக்கிப் போட்டாயிற்று. ஆனால் தப்பு செய்தவுடன் வாயில் வருகிற அந்த முதல் பொய் இருக்கிறதே... அதைக் கழுவ அண்ணாச்சி கடைச் சுவரில் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் சுதா புதுப் பொங்கலோடு போனாள். நானும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். என்னைத் தூக்க மட்டும்தான் விட்டாள். திறந்ததும் அறை முழுக்க மணத்தது. மாணிக்கத்துக்கும் ஒரு தொன்னை கொடுத்தோம். அவர் காலையில் சாப்பிட்டதுதான் தேவலை என்றார். நல்ல மனிதர்.

உருண்டை எப்படிப் பொங்கலுக்குப் போகாமல் தப்பித்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். கடவுள் செயல் என்று மேல் வீட்டுக்காரர் சொன்னார். சுதாவுக்கு அதில் சம்மதம் இல்லை. நடந்தது இவ்வளவுதான்: இடித்துக்கொண்டிருந்தபோது வாணலியில் முந்திரி கருகியது, அதைப் பார்க்க ஓடினேன், பொடித்ததைப் போட மறந்துவிட்டேன்.